வீட்டுக்கு வந்து சொல்லவேண்டும்

எங்கள் ஒழுங்கையை, இந்தச் சின்னத் தெருவை, யாராவது குறைவாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. கரவெட்டியில் எத்தனையோ ஒழுங்கைகள் இருக்கின்றன. ஆனால் இவ்வளவு ரோசம் பிடித்த சனம் வேறெதிலும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போகவேண்டும். நல்ல காரியத்துக்கு வீட்டுக்கு வந்து சொன்னால்தான் போகவேண்டும். கைத்தொலைபேசி வந்ததால் அந்தச் சட்டம் ஒன்றும் மாறிவிடவில்லை.

போன ஆவணியில் எதிர்வீட்டுக்காரி கனடாவிலிருந்து வந்து இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். மகளுக்குக் கலியாணம். மண்டபம், சாப்பாடு எல்லாவற்றையும் அங்கிருந்தே ஒழுங்கு செய்திருந்தாள். பலகாரத்தையும் கடையில் எடுப்பதாகத்தான் இருந்தாள். மகள்தான் விடவில்லை. கலியாண வீட்டில் அயல்பெண்கள் கூடியிருந்து பலகாரம் சுடுவதைப் பற்றித் தாய் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை. பலகாரச் சூடு இல்லாவிட்டால் தனக்குக் கலியாணமே வேண்டாம் என்று நின்றுவிட்டாளாம். எனக்கு அந்தப் பிள்ளையை அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

பலகாரச் சூட்டுக்கு நாள் வைத்தார்கள். தாய்க்காரி என்ன செய்தாள் தெரியுமா? ஒழுங்கை முழுவதற்கும் ஃபோனில் ஒரு படம் அனுப்பினாள். பூவும் தங்க எழுத்தும், கீழே ‘அனைவரும் வருக’. கரவெட்டியில் பிறந்தவள் செய்கிற வேலையா இது?

“உவளுக்கு என்ன விசரே?” என்று கத்தினேன்.

“நீ போகப் போறியோ?” என்றார் என் கணவர்.

“வந்து சொல்லட்டும், போறன்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி நான் ஏன் போறன்? எனக்கென்ன வீட்டிலை அடுப்பில்லையே?”

அப்படிச் சொன்னவள்தான் பலகாரச் சூட்டு நாளன்று விடியவே தலைமுழுகி, சேலை கட்டி, அரியதரம் பொரிக்கிற பெரிய தாச்சிச் சட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கி வாசலில் கவிழ்த்து வைத்தேன். கணவர் தாச்சியைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார், சிரித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எதிர் முற்றத்தில் பந்தலுக்குக் கீழே அடுப்பு மூட்டியாயிற்று. அரியதரத்துக்கு அரிசிமாவும் சர்க்கரைப் பாகும் குழைத்து ஆயத்தமாக இருந்தது. நல்ல நேரத்துக்குள் முதல் பலகாரம் எண்ணெயில் விழவேண்டும். அதற்கு அயல் கூடவேண்டும். ஒருவரும் வரவில்லை. தாய்க்காரி அடுப்படியில் குந்தியிருந்து ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தாள். மகளின் கலியாணப் பலகாரத்தைத் தாய் தனியே இருந்து சுடுவதைப் போல ஒரு சிறுமை எங்கள் ஊரில் வேறில்லை. மகள் வாசல் படலைக் கதவைப் பிடித்தபடி ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைக் கண்டு ஒரு தரம் தாச்சியில் கை வைத்தேன். ஆனாலும் கால் அசையவில்லை.

என்னைக் கண்டதும் அவள் எங்கள் படலைக்கு வந்தாள்.

“அன்ரி, ஏன் ஒருத்தரும் வரேல்லை?”

“ஆர் பிள்ளை வந்து சொன்னது?”

“அம்மா மெசேஜ் அனுப்பினவா.”

“மெசேஜ் வந்தது. ஆள் வரேல்லை.”

பிள்ளைக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது கையில் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டம் இருந்தது. முதலில் என்னிடம்தான் வந்தாள்.

“அன்ரி, எங்கடை வீட்டை பலகாரச் சூடு. நீங்கள் கட்டாயம் வரவேணும்.”

“இதுக்குத்தானே விடியத் தொடக்கம் நிக்கிறன்!” என்று குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு தாச்சியைத் தூக்கினேன்.

பிள்ளை படலை படலையாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தலைமுழுகி, பூ வைத்து, சேலை கட்டிய ஒருத்தி உடனே வெளியே வந்தாள். ஒருத்தி அகப்பையோடேயே வந்தாள். எல்லாரும் விடியவே வெளிக்கிட்டு ஆயத்தமாகி, என்னைப் போலவே படலைக்குப் பின்னால் காத்து நின்றிருக்கிறார்கள்! நடு ஒழுங்கையில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிள்ளை கடைசியாகத் திரும்பிய வீட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அது அவர்களுடைய பக்கத்து வீடு. எல்லை வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதென்று இரண்டு வீடும் எத்தனையோ வருடமாகப் பேச்சில்லை. அந்த வீட்டு அக்காவைப் போல அரியதரம் சுட எங்கள் பக்கத்தில் ஆளில்லை. கோபம் வைத்திருக்கவும் ஆளில்லை.

“ஐயோ, அங்கை போகாதை!” என்று தாய்க்காரி முற்றத்திலிருந்து கத்தினாள். பிள்ளை அதற்குள் படலையைத் திறந்துவிட்டாள்.

நாங்கள் பந்தலுக்குள் போய் நின்று எட்டி எட்டிப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தா. அவவின் தலையும் ஈரமாகத்தான் இருந்தது. தாய்க்காரியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்து, ஒரு கிள்ளு மாவை எண்ணெயில் போட்டுச் சூடு பார்த்தா.

“நேரம் போகுது பிள்ளை, தொடங்குவம்” என்றா.

நல்ல நேரம் முடியுமுன் முதல் அரியதரம் எண்ணெயில் விழுந்தது. பிள்ளை கைதட்டினாள். மத்தியானம் தாண்டியும் சுட்டோம். எங்களுக்கு வாய் ஓயவில்லை. அக்காவுக்கும் தாய்க்காரிக்கும் நடுவில் மட்டும் அடுப்பு இருந்தது, ஒரு சொல்லும் இல்லை. தாய்க்காரி அக்காவுக்குத் தேத்தண்ணியைக்கூட மகளின் கையில்தான் கொடுத்தனுப்பினாள். ஆனால் அந்த அரியதரம்! ஒன்றுகூட வெடிக்கவில்லை, ஒன்றுகூடக் கருகவில்லை. கனடாவில் எந்தக் கடையில் வாங்க முடியும் அதை?

எல்லாம் முடிந்ததும் அக்கா கைகழுவி, படலைவரை போய், திரும்பி நின்றா. தாய்க்காரியின் முகத்தை நேரே பார்த்தா.

“கலியாணத்துக்கு எனக்கு இன்னும் சொல்லேல்லை.”

தாய்க்காரி துள்ளி எழும்பினாள். அவசரமாகத் தட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“அக்கா, நீங்கள் கட்டாயம்...”

“இஞ்சை வேண்டாம். வீட்டை வந்து சொல்லு.”

அக்கா விறுவிறென்று தன் வீட்டுக்குப் போய்ப் படலையைச் சாத்திவிட்டா.

தாய்க்காரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். தட்டத்தில் குங்குமத்தைச் சரிசெய்தாள். அந்த வேலியோரமாக நடந்து போனாள். நாங்கள் எல்லாரும் ஒழுங்கைக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றோம். சாத்தியிருந்த படலைக்கு முன்னால் நின்று அவள் கூப்பிட்டாள்.

“அக்கா!”

“ஆரது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நான்தான் அக்கா. பக்கத்து வீடு.”