குதிரை நின்ற இடம்

1. திரும்பி வந்த லைசென்ஸ்

ரோசம்மா தன் கடை லைசென்ஸை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "இதை வாங்கிக்கோங்க சார். கிறிஸ்மஸோட கடையை மூடறேன்" என்றார்.

நான் அப்போது பட்டாளம் தங்கியிருந்த எங்கள் ஊர் முனிசிபாலிட்டியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். கடை லைசென்ஸும் என் பொறுப்புதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் தொப்பியும் பிரம்புமாகத் தெருவில் இறங்கினால் ஊரையே நான்தான் கட்டினேன் என்பதுபோல நடப்பேன்.

ரோசம்மா கணவரை இழந்தவர். ஸ்டேஷனிலிருந்து அல்சூர் பக்கம் போகிற ஏற்றத்தில், பாதி தூரத்தில் ஒரு கடைத்தெரு. அங்கே நூல், பட்டன், ரிப்பன், லேஸ், ஜெபமாலை விற்கிற சின்னக் கடை அவருடையது. அந்தக் கடையை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கான்வென்டில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"மூடிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"காக்ஸ் டவுன்ல ஒரு பங்களாவுல ஆயா வேலை சொல்லியிருக்காங்க. அங்கேயே தங்கணுமாம். பொண்ணுங்களை எங்க விடறதுன்னுதான் தெரியல."

"கமிட்டி எவ்வளவோ செய்யுதே ரோசம்மா. கொஞ்சம் பொறுங்களேன்."

"செய்யுது சார், இல்லேங்கல. நல்லா லைட் போட்டிருக்கீங்க. கடை காலியா கிடக்கிறது இப்போ தூரத்துலேர்ந்தே பளிச்சுனு தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. லைசென்ஸை ரத்து செய்யாமல் டிராயரில் போட்டேன். கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

2. நாங்கள் பார்த்த வைத்தியம்

அந்தத் தெரு நொடித்துப்போனதற்கு எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள். ஜெர்மன் சண்டை முடிந்துவிட்டது, பட்டாளம் கலைந்துவிட்டது, "சோல்ஜர் போனான், சில்லறையும் போச்சு." இதில் பொய் இல்லை. ஆனால் சோல்ஜர் எந்தக் காலத்தில் ரிப்பனும் ஜெபமாலையும் வாங்கினான் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தெருவைத் தூக்கி நிறுத்த முனிசிபாலிட்டி ஒரு கமிட்டி போட்டது. அதன் பிரசிடெண்ட் ஒரு வக்கீல்; நல்ல மனிதர், நாக்கு மட்டும் கத்தி. எலக்ட்ரிக் விளக்கு போட்டோம். கடைகளுக்கு எங்கள் செலவில் சுண்ணாம்பு அடித்தோம். நடைபாதைக்குக் கல் பாவினோம். சனிக்கிழமை சாயங்காலம் பேண்டு வாசிக்க ஏற்பாடு செய்தோம். ஜீவனஹள்ளியிலிருந்தும் நீலசந்திராவிலிருந்தும் ஜனம் குடும்பத்தோடு நடந்து வந்து பேண்டு கேட்டது. கேட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனது. கடலைக்காரர் ஒருவருக்குத்தான் கொள்ளை லாபம்.

இதற்கெல்லாம் ஒரு வருடம் முன்னால் நானும் அந்தத் தெருவுக்கு ஒரு நல்லது செய்திருந்தேன். தெருவின் பாதியில், நடைபாதை ஓரமாக, குதிரைகள் தண்ணீர் குடிக்க ஒரு பெரிய கல் தொட்டி இருந்தது. அதை ஒட்டி ஜட்கா வண்டி ஸ்டாண்டு. போதாதா? எப்போதும் குதிரை லத்தி, ஈ, நாற்றம். தொட்டித் தண்ணீரில் கொசுப்புழு நெளிவதை நானே கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் கொண்டுபோய் மேலதிகாரியிடம் காட்டினேன். "நாற்றம் ஒழிந்தால் வியாபாரம் பெருகும்" என்று மேலிடத்துக்கு நோட்டு எழுதி, தொட்டியையும் ஸ்டாண்டையும் மைதானத்து ஓரத்துக்கு மாற்றினேன். தெருவில் ஜட்கா நின்றால் அபராதம். மேலதிகாரி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலின் சுகத்தில் ஆறு மாதம் மிதந்தேன்.

3. ஏற்றத்தில்

டிசம்பர் முதல் வாரம். சேலத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி ரயிலில் திரும்பினாள். லீவு போட்டுவிட்டு, வேட்டி சட்டையில் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தேன். தொப்பி இல்லாத என்னை ஜட்காக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. பாஷா என்று பெயர். குதிரை அவரைவிடக் கிழம்.

ஏற்றத்தில் பாதி தூரம் வந்ததும் குதிரை தானாக நின்றுவிட்டது. தலையைத் தாழ்த்தித் தரையை முகர்ந்தது. அங்கே புதிதாகப் பாவிய கல்தான் இருந்தது. மூச்சு வாங்க மறுபடி முகர்ந்தது.

"அரே, கைக்கு, ஏன் நிக்கிற ரே! சல், சல்!" என்று பாஷா லகானைச் சுண்டினார். குதிரை அசையவில்லை.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். வண்டி நின்றது ரோசம்மா கடைக்கு நேர் எதிரில். "ஏங்க, அந்த வெள்ளை லேஸ் எவ்வளவு அழகா இருக்கு! ரவிக்கைக் கைக்கு வெச்சுத் தைக்கலாம். ஒரு நிமிஷம் இறங்கி வாங்கிட்டு வந்துடறேன்."

"நக்கோ அம்மா, இறங்காதீங்க!" என்று பாஷா பதறினார். "இங்க நின்னா ஃபைன் போடுவாங்க. முன்னே எல்லாம் இங்கதான் தொட்டி. ஏத்தத்துல வந்த குதிரை தண்ணி குடிச்சு மூச்சு வாங்கற வரைக்கும் அம்மாங்க எல்லாம் இறங்கி இது வாங்குவாங்க, அது வாங்குவாங்க. யாரோ ஒரு இன்ஸ்பெக்டர் வந்தான். மூக்கு ரொம்ப நீளம்போல. எல்லாத்தையும் தூக்கிட்டான். மனுஷனுக்குப் புத்தி சொன்னா புரியும், இந்தக் குதிரைக்கு இன்னும் புரியல பாருங்க."

மனைவி என் மூக்கைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே திரும்பிக்கொண்டாள். சவுக்கு விழுந்தது, வண்டி நகர்ந்தது. கடைக்குள்ளிருந்து ரோசம்மா எழுந்து வாசல்வரை வந்து, வண்டி போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போனார்.

வீடு வரும்வரை எனக்கு அதே யோசனைதான். ஒரு பட்டன் வாங்க யார் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்? கண்ணில் பட்டால்தான் வாங்குவார்கள். கண்ணில் பட வேண்டுமானால் வண்டி நிற்க வேண்டும். அந்தக் கடைகளை வாழவைத்தது சோல்ஜர் இல்லை, குதிரையின் தாகம். அதை மைதானத்துக்குத் துரத்தியவன் நான். வெட்கமாக இருந்தது. இரண்டு பெண்களை எங்கே விடுவது என்று ரோசம்மா கேட்டது காதிலேயே நின்றது.

4. என் நோட்டுக்கு நானே எதிர் நோட்டு

மறுநாளே எழுதினேன். கமிட்டிக் கூட்டத்தில் பிரசிடெண்ட் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்னய்யா இது? போன வருஷம் தொட்டியை எடுன்னு எழுதினதும் நீர்தான், இப்போ வையின்னு எழுதறதும் நீர்தானா?"

"ஆமா சார்."

"இந்த ஞானம் யார் குடுத்தா?"

"ஒரு ஜட்காக் குதிரை சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நடந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "சரி, லத்திக்கு என்ன வழி? கொசுவுக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு வேளை அள்ள ஆள் போடறேன் சார். ரோஜாத் தோட்டக்காரங்க எருவுக்குக் கேக்கறாங்க, எடுத்துட்டுப் போவாங்க. தொட்டிக்கு அடியில ஓட்டை போட்டு தினம் தண்ணியை மாத்தினா புழு வைக்காது."

"இதைப் போன வருஷமே யோசிச்சிருக்கலாமே?"

"யோசிக்கல சார்."

என் சர்வீஸ் முழுவதிலும் வாயிலிருந்து வர இவ்வளவு கஷ்டப்பட்ட பதில் வேறு இல்லை. அவர் இரண்டு நோட்டையும் மடித்து வைத்தார். "பொங்கல் வரைக்கும் வெச்சுப் பாக்கலாம். நாத்தம்னு ஒரு பெட்டிஷன் வந்தாலும் தொட்டியோட சேர்த்து உம்மையும் மைதானத்துக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது தொட்டி மாட்டு வண்டியில் திரும்பி வந்தது. ரோசம்மா அதற்குள் பாதிச் சரக்கை டிரங்குப் பெட்டியில் கட்டிவிட்டிருந்தார். பாஷாவின் குதிரை நின்ற கதையைச் சொன்னேன். "பாக்கலாம் சார்" என்றார், அவ்வளவுதான். முதல் நாள் ஒரு அம்மாள் இறங்கி ஊசி வாங்கினார். மூன்றாம் நாள் தொட்டியடியில் ஜட்காக்கள் வரிசை கட்டின. நாலு கடை தள்ளி இருந்த பேக்கரிக்காரர் வாசலில் பெஞ்சு போட்டார். கிறிஸ்மஸ் வாரத்தில் ரோசம்மாவின் பெரிய பெண் கடையில் நின்று லேஸ் அளந்துகொண்டிருந்தாள். டிரங்குப் பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது.

இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு தெருவிலிருந்து எதையாவது அப்புறப்படுத்துமுன் அதை நம்பி யார் யார் அங்கே நிற்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். தப்பு செய்தால் அதே பேனாவால் அடித்து எழுதுங்கள். உங்கள் கௌரவம் ஒன்றும் கரைந்துபோகாது.

பொங்கல் கழிந்து ரோசம்மா ஆபீஸுக்கு வந்தார். டிராயரைத் திறந்து அவருடைய லைசென்ஸை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு நன்றி சொல்ல வரல சார்" என்றார் சிரித்துக்கொண்டே. "பாஷா பாய் குதிரைக்கு நேத்தே ஒரு கட்டுப் புல் வாங்கிப் போட்டுட்டேன்."