"ஒயர் லூஸ்" என்று சொன்ன சேகர் அண்ணன்

சேகர் அண்ணன் போய்விட்டார். காலையில் ஷெட்டைத் திறக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே...

போன் வந்து இரண்டு மணி நேரமாகிறது. 

அரியலூரில், பெரம்பலூர் ரோட்டில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். என் பழைய பெட்ரோல் காருக்கு எலக்ட்ரிக் கிட் மாட்டி, பேட்டரியில் ஓட வைத்தவர் அவர்தான். முப்பது வருஷமாக இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்ன மனுஷன்.

மாட்டி முடித்த அன்று சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. "ஸ்டார்ட் ஆவலியே" என்று பழக்க தோஷத்தில் ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து... வண்டி பாய்ந்துபோய் அவருடைய டூல்ஸ் பெஞ்சையே சாய்த்துவிட்டது.

"அடப்பாவி, மூச்சு விடாம முட்டுதுப்பா!" அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

போன மாதம் திருமழபாடியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்ட வண்டியில், காலையில் சார்ஜ் முள் கீழே கிடந்தது. மீட்டர்தான் கோளாறு என்று நினைத்துக் கிளம்பினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. பட்டுப்புடவையோடு மனைவியும் பிள்ளைகளும் நடுரோட்டில். முகூர்த்தம் போச்சு. வண்டியைக் கட்டி இழுத்து வீட்டில் விட்டுவிட்டு, அண்ணனை வந்து பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் ஷெட்டுக்கே போய், வந்திருந்த கஸ்டமர்கள் முன்னால் கத்தினேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்ண்ணே. கத்துக்கறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "என் தப்புதான் தம்பி. ஒயர் லூஸா இருந்துச்சு. காலையில ஒங்க வூட்டுக்கு வந்து சரி பண்ணிட்டேன்."

அதோடு விட்டேனா? பார்த்தவர்களிடமெல்லாம் அவரிடம் வண்டி விடாதீர்கள் என்றேன். இங்கே முகநூலிலும் எழுதினேன். கிட் மாட்டக் கொடுக்க இருந்த ஆண்டிமடம் நண்பர் ஒருவர், அதைப் படித்துவிட்டு அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்று செய்தி கேட்டதும் மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஒயர் ஒன்றும் லூஸ் இல்லையாம்.

"கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி டேங்க்ல தண்ணி இல்லன்னு கார் சார்ஜர் பிளக்கப் புடுங்கிட்டு மோட்டார் போட்டேங்க. திரும்ப மாட்ட மறந்துட்டேன். அண்ணன் வந்து பாத்தப்ப சொன்னேன். 'அவருகிட்ட சொல்லாதம்மா, கத்துவாரு. நான் பாத்துக்குறேன்'னுட்டாரு."

என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசிவரை வாயைத் திறக்கவில்லை மனுஷன். நடுவில் ரோட்டில் இரண்டு தடவை பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அந்தப் பழைய பதிவை நீக்கிவிட்டேன். அதைப் படித்தவர்கள் தயவுசெய்து இதையும் படியுங்கள். சேகர் அண்ணன் வேலையில் ஒரு குறையும் இல்லை. விசாரிக்காமல் கத்தினது நான்.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். எந்த முகத்தோடு போய் நிற்பேன்...

மன்னிச்சிடுங்கண்ணே. போயிட்டு வாங்க.