முன் மட்கார்டு தட்டியவள்

வண்டிப் பதிவுப் படிவத்தில் ‘கட்டியவர்’ என்ற இடத்தில் கணவர் தன் பெயரை மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ‘உதவி’ என்ற கட்டத்தில் ‘மனைவி’ என்று எழுதியிருந்தார். பெயர்கூட இல்லை. தகடக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

ஏசிக் காற்றுக்குழாய் செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாகத் தகடு மடிப்பவள் அவள். முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தகடக்கா. கணவருக்கு உதிரிபாகக் கடையில் வேலை. அறுபது வருடத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் படத்தைப் பத்திரிகையிலிருந்து கிழித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியவர் அவர்தான். அதேபோல் ஒன்றை வீட்டிலேயே கட்டப்போகிறேன் என்று கிளம்பியவரும் அவர்தான். அதை யார் இல்லையென்றது? வண்டியின் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்தார், இஞ்சினை இறக்கினார், வயர் இழுத்தார். எல்லாம் சரி. ஆனால் தெருவில் போகிறவர்கள் ஷெட் வாசலில் நின்று வாயைப் பிளப்பது வயரைப் பார்த்தா? அந்த உடம்பைப் பார்த்து. உடம்பு முழுக்க அவள் கை.

தகட்டைப் படியவைத்துப் பார்க்க மர அச்சு வேண்டுமென்று படுக்கையறைக் கட்டிலை அறுத்தார்கள். நல்ல கட்டில். அன்றிலிருந்து ஏழு வருடம் இருவருக்கும் தரைதான். பட்டறையில் எட்டு மணி நேரம் தகட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, ஒரு வாய் டீ குடித்துவிட்டு, மறுபடி தகடு. அலுமினியத்தில் துணி சோப்பைத் தேய்த்து நெருப்பு காட்ட வேண்டும். சோப்பு கறுக்கும் நொடியில் நிறுத்தினால் தகடு சொன்னபடி வளையும். அசந்தால் ஓட்டை. பிறகு மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் தட்ட வேண்டும், தோள் கழன்று விழும்வரை. பானெட்டை மட்டும் மூன்று முறை செய்தாள். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் உருண்டையா வரணும்” என்பார். உதவி என்றால் அதுதான் உதவி.

அந்தப் படிவத்தில் இருக்கும் பெயர்தான் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் காலத்துக்கும் நிற்கும். சனிக்கிழமை காலை, வண்டியைச் சோதிக்க அதிகாரி வாசலில் வந்து நின்ற நேரத்தில்தான் அதைப் பார்த்தாள். வெளியாள் முன்னால் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி விளக்கைப் போட்டுப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பானெட்டை வருடி, “பிரமாதமா வந்திருக்கு சார்” என்றார். கணவர் கூச்சமே இல்லாமல் சிரித்தார். பிறகு அதிகாரி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினார். கர்ரென்று ஒரு சத்தம். எந்தப் பக்கம் திருப்பினாலும் முன் டயர் மட்கார்டில் உரசியது.

“இது ஆபத்தாச்சே. இப்படியே அனுமதி தர முடியாது.”

கணவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “மட்கார்டு மட்டும் இவ தட்டினது சார்.”

பிரமாதமென்றால் அவர், பிசகென்றால் இவள். அவ்வளவு நேரம் கடித்த பல் அத்தோடு விட்டது.

“ஆமா சார், மட்கார்டு நான் தட்டினதுதான். நீங்க தடவிப் பாத்தீங்களே பானெட், அதுவும் நான்தான். ரெண்டு கதவு, டிக்கி, எல்லாம் நான்தான். அது எதையும் இந்தப் படிவத்துல எழுதல. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. எனக்குக் குடுத்த அளவு ஒல்லி டயருக்கு. போன மாசம், பாக்க எடுப்பா இருக்கட்டும்னு யாரையும் கேக்காம அகல டயர் மாட்டினது இவருதான்.”

அதிகாரி படிவத்தைப் படித்தார், அவளுடைய கையைப் பார்த்தார். விரல் முட்டியெல்லாம் காய்த்துப் போயிருந்தது.

“அப்ப இது செல்லாது. வேற தரேன், உள்ளதை எழுதுங்க.”

பழக்க தோஷத்தில் கணவர் பேனாவுக்குக் கை நீட்டினார். அவள் முந்திக்கொண்டாள். ‘கட்டியவர்’ என்ற இடத்தில் தன் முழுப்பெயரை அழுத்தி எழுதினாள். அடுத்து ‘உதவி’. பேனா அங்கே நின்றது. ‘கணவர்’ என்று எழுத எவ்வளவு நேரமாகும்? எழுதினால் நெஞ்சு ஆறும். எழுதத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அந்த இஞ்சினோடு அவர் பட்ட பாட்டையும் அவள்தானே பார்த்தாள். பொய் எழுத அவளுக்குக் கை வரவில்லை. தன் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதி, ‘சட்டம், இஞ்சின், வயரிங்’ என்று சேர்த்தாள். உதவிக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள்.

இரண்டு வாரம் கழித்து வருவதாகச் சொல்லி அதிகாரி போனார். கணவர் தொண்டையைச் செருமினார்.

“என் பேர முதல்ல போட்டிருக்கலாம்.”

“போட்டதே பெருசு. போய் அந்த ஒல்லி டயரைத் தேடி எடுத்து மாட்டுங்க. வேணும்னா நான் உதவி பண்றேன்.”