டில்லிபாபுவின் தூக்குவாளி

சாருலதாவை வீட்டுக்குக் கூப்பிட்டால் முதலில் சமையலறையைப் பூட்டிவிட வேண்டும். பிடி உடைந்த கரண்டி, நசுங்கிய டம்ளர், எதைக் கண்டாலும் "இது யார் கையில இருந்தது?" என்று ஆரம்பித்துவிடுவாள். பிழைப்புக்குத் தி.நகர் ஜவுளிக் கடைகளுக்குப் பையும் பெட்டியும் வடிவமைக்கிறாள். மிச்ச நேரமெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பழைய சாமான்களோடுதான். புழங்கியவரின் உயிர் கொஞ்சம் பொருளில் தங்கிவிடும் என்பது அவள் நம்பிக்கை. எனக்கு அதெல்லாம் கிடையாது. ஆனாலும் அவளுடைய கண்காட்சிக்காகக் கோபாலபுரத்தில் என் கார் ஷெட்டைக் காலி செய்து கொடுத்தேன். கார் இரண்டு மாதம் தெருவில் காய்ந்தது.

பொருள் கேட்டு வாங்குவதில் அவளுக்கு அவசரமே இல்லை. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் முத்துமாரியிடம் பதினைந்து நாள் போய், சும்மா உட்கார்ந்து பேசியிருக்கிறாள். முத்துமாரியின் கணவர் டில்லிபாபு நான்கு வருடம் முன்பு கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. காரியம் செய்துவிடு என்று சொந்தக்காரர்கள் நச்சரிக்க, அவள் நெற்றியில் குங்குமத்தை இன்னும் பெரிதாக வைத்துக்கொண்டு மீன் விற்றாள். அன்றைக்கு அவர் எடுத்துப்போக மறந்த தூக்குவாளியைத் தினமும் தேய்த்துக் கவிழ்த்து வைப்பாள். யாரையும் தொடவிடாதவள், அதைச் சாருவிடம் கொடுத்தனுப்பினாள்.

கண்காட்சியில் முப்பது பொருள்கள், பெரும்பாலும் காலமானவர்களுடையவை. பக்கத்தில் பெயரோ தேதியோ கிடையாது, கொடுத்தவர் சொன்ன ஒரு வரி மட்டும். தூக்குவாளிக்கு, "அவருக்குக் கொழம்பு காரமா இருக்கணும்" என்று எழுதியிருந்தாள். திறப்பு நாள் காலையில் ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அகல் ஏற்றி, ஒரு சாமந்திப்பூ வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கும் உறைக்கவில்லை, அதற்காக இன்றுவரை என்னை நொந்துகொள்கிறேன்.

பதினோரு மணிக்கு முத்துமாரி வந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. வாளியைக் கண்டதும் சிரித்தவள், அகலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாமா இது? செத்தவங்களுக்கு வெக்கிற மாதிரி வெளக்கு வெச்சிக்கீற?"

சாருவின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, அப்படி நினைச்சு வைக்கல. எல்லாத்துக்கும் வச்சேன், இதுக்கும்..." அகலை எடுக்கப் போனாள். அவசரத்தில் எண்ணெய் கொட்டியது.

முத்துமாரி கத்துவாள் என்று பயந்தேன். அவள் கத்தவில்லை. பூவை எடுத்து ஓரமாகப் போட்டாள். வாளியை முந்தானையால் துடைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பினாள்.

"குப்பமே சொல்லிக்கினு கீது, அவரு செத்துப் பூட்டாருன்னு. இத்தினி நாளு என்னாண்ட குந்திக்கினு பேசுனியே, நீ ஒருத்திதான் ஒருவாட்டி கூட அப்டி சொல்லல. அதாம்மா உன்னாண்ட குட்த்தேன்."