பெயர் மேல் கோடு

போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் எனக்கு வேலை. கடல் மோசமானால் கப்பல் கேன்சல். உடனே ஸ்கேலை வைத்துப் பயணிகள் பட்டியல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடு இழுத்துவிடுவேன். 'கேன்சல்' என்ற சொல்லின் பூர்வீகமே அதுதான் என்று மகளின் அகராதியில் படித்தபோது பெருமையாக இருந்தது. அதன் லத்தீன் வேருக்குக் கம்பிக் கிராதி என்று பொருளாம். எழுதியதை ரத்து செய்யக் கிராதி போலக் கோடு கிழித்தார்களாம். அந்தச் செயலுக்கே பிறகு அதுதான் பெயராயிற்று.

அப்படிக் கேன்சலான ஒரு நாள், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டிய ஓர் அம்மா கவுண்டர் கம்பிக்கு வெளியே நின்று கெஞ்சினார்.

"பேரு மேல கோடு போடாதீங்க ஐயா. நாங்க உசுரோடதானே இருக்கோம்? ஓரத்துல எழுதுங்க."

"கோடு ஜஹாஜுக்கு, கப்பலுக்குத்தாம்மா, உங்களுக்கு இல்ல" என்று எரிந்து விழுந்து, அவர் கண் முன்னாலேயே கிழித்தேன்.

மூன்று நாள் கழித்துக் கப்பல் கிளம்பியது. அவர் வரவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் ஓரத்தில்தான் எழுதுகிறேன். பயமெல்லாம் இல்லை, ஸ்கேல் தொலைந்துவிட்டது என்று சக ஊழியர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்று கடல் அசையாமல் கிடந்தது. எதுவும் கேன்சல் இல்லை. சென்னைக் கப்பலின் பட்டியலில் என் மகளின் பெயர் இருந்தது. மாலை வெயில் கவுண்டர் கம்பிகளின் நிழலைப் பட்டியல் முழுக்கக் கட்டம் கட்டமாக விரித்தது. அவள் பெயரைக் கையால் மறைத்தேன்.

கட்டம் என் கை மேல் ஏறியது.