தம்பியின் காதும் நான்கு கட்டத் தாளும்

"நீங்க டீச்சருங்களா, டாக்டருங்களா?" என்று திருப்பூரில் ஒரு மருத்துவர் என்னைக் கேட்டார். அறுபதுகளின் கடைசி, ஆடி மாதத் திங்கட்கிழமை. பெற்றோரை வெளியூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது என்ன எடுத்துப் போவது என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தப் பயணத்தையே பதிலாக எழுதுகிறேன்.

என் தம்பி பழனிசாமி திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நிட்டிங் மெஷின் ஓட்டினான். திருப்பூர் ஆஸ்பத்திரியில் காசநோய் என்று தெரிந்ததும் தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஓய்வும் என்றார்கள். வெள்ளகோவிலில் ஆசிரியையாக இருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டான். ஊசி உள்ளூர் டிஸ்பென்சரியில். நான் வருகைப் பதிவேடு போலத் தாளில் கோடு போட்டேன்: தேதி, ஊசி, சாப்பாடு, தொந்தரவு. ஒரு மாணவி வராததை ஞாபகத்தில் வைத்தால் மறந்துபோகும். கட்டத்தில் குறித்தால், அவள் சந்தை நாளில் மட்டும் வராதது தெரியும். உடம்பும் அப்படித்தான்.

"எனக்கும் ஆஜர் போடறீங்களாக்கா? லீவு உண்டுங்களா?" என்று சிரிப்பான்.

பதினெட்டாம் நாள் 'காதில் இரைச்சல்' என்று எழுதினேன். இருபதாம் நாள் 'எழுந்தால் தள்ளாட்டம்'. இரண்டு நாள் கழித்துக் கிளம்பினோம்.

காலை 6.10 பஸ். காங்கயத்தில் பத்து நிமிடம் நின்று, நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓடி 7.50க்குத் திருப்பூர். டிக்கெட் ஒரு ரூபாய் முப்பது காசு. தள்ளாடுகிறவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள்; பின் சீட்டில் தம்பி பட்ட பாடு போதும்.

"பனியன் கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் காது இரையும்மா. மெஷின் சத்தம். ஊசியை நிறுத்தாதீங்க" என்றார் மருத்துவர்.

நூல் அறுந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவன் தம்பி. காது போனால் பிழைப்பும் போகும். தாளை நீட்டினேன். கேஸ் ஷீட் தன்னிடம் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். அப்போதுதான் டீச்சரா டாக்டரா என்ற அந்தக் கேள்வி.

"டீச்சர்தானுங்க. உங்க ஷீட்டுல பேரு, வயசு, மருந்து இருக்குது. காது என்னைக்கு இரைஞ்சுதுன்னு இருக்குதுங்களா?"

"வெளிய ஆளுக நிக்கறாங்க. எந்திரிங்கம்மா."

"எந்திரிக்க மாட்டனுங்க. மூணு வாரமா இவன் மெஷின் பக்கமே போகலைங்க. அப்புறம் எந்த மெஷினுங்க சத்தம் போட்டுது?"

மருத்துவர் தாளை இழுத்து, தொந்தரவுக் கட்டத்தில் விரலை இறக்கினார். தம்பியைக் கண்ணை மூடி நடக்கச் சொன்னார். அவன் இரண்டாம் அடியிலேயே சாய்ந்தான். காதைத் தாக்கியது ஊசி மருந்துதான் என்று சொல்லி, சீட்டில் அதைக் கோடிட்டு நீக்கிவிட்டுப் பதிலாக மாத்திரை எழுதினார். பிறகு ஸ்கேலை எடுத்து, தன் கேஸ் ஷீட்டில் புதிதாக ஒரு கோடு கிழித்து, மேலே 'காது' என்று எழுதினார்.

"தேதியைப் படிங்க டீச்சர்."

படித்தேன். தம்பிக்கு லேசான இரைச்சல் தங்கிவிட்டது, ஆனால் காது தப்பியது. நோய் குணமான பிறகு அதே மெஷினுக்குத் திரும்பினான்.

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் என் மருத்துவக் குறிப்புகளுக்குப் பிரதி கேட்டேன். "எல்லாம் சிஸ்டத்துல இருக்குதுங்கம்மா, உங்களுக்கெதுக்குங்க?" என்றாள் கவுன்டர் பெண். "உடம்பு என்னோடது கண்ணு" என்றேன். அச்சடித்து வாங்கிய பிறகே நகர்ந்தேன். கணினியும் நாம் சொன்னதைத்தான் வைத்திருக்கும். நீங்களும் பிரதி வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

இன்று ஒரு தாளில் கோடு போட்டு, உங்கள் வீட்டில் மருந்து சாப்பிடுகிறவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்வதைத் தேதியோடு எழுதுங்கள்.