கிளியர் பண்ணிய மேஜை

“நாற்காலிக்குக் கிளியரா சார், கலரா?” என்று இன்று காலை வார்னிஷ் அடிக்க வந்தவர் கேட்டதும் சிரித்துவிட்டேன். பாவம், தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். டப்பாவைத் திறந்ததும் எழுந்த வாசனை என்னை உத்திரமேரூரில், சரோஜா அக்காவின் தையல் கடையில் கொண்டுபோய் விட்டது.

அப்போது எனக்குப் புதிதாக வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, அந்தக் கடையின் பின்னறையில் குடியிருந்தோம். வைகாசி மாதம், வியாழக்கிழமை. கிழமை சொல்லாமல் எனக்கு எதுவும் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையற்காரரான கணவர் இறந்தபின் அக்காவே கடையை நடத்தினார். இஞ்சு டேப் பழக்கமில்லை. வாடிக்கைப் பெண்கள் ஒவ்வொருவரின் அளவையும் கணவர் வெட்டு மேஜையின் விளிம்பில் உளியால் சின்னச் சின்ன வெட்டாகக் கீறி வைத்திருந்தார். “இது டீச்சரோட கை, இது பால்காரம்மா முதுகு” என்று அக்கா விரலால் தடவியே சொல்லிவிடுவார்.

மேஜை பழசாகிச் சிலாம்பு எழும்பி, பட்டுத்துணியில் இழையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. நிறமில்லாத வார்னிஷ் அடித்தால் வழவழப்பாகிவிடும், கீறலும் தெரியும். அதற்குப் பெயிண்ட் கடையில் ‘கிளியர்’ என்று பெயர். ‘கிளியர் அடி’ என்று சொல்லியிருக்க வேண்டும். அக்காவோ பாலிஷ்காரர் கன்னியப்பனிடம், “டேபிளைக் கிளியர் பண்ணிடு நைனா” என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தால், கன்னியப்பன் உப்புத்தாளோடு வியர்த்து நிற்கிறார். “ஒரு வெட்டு இல்லாம கிளியர் பண்ணிக்கினு கீறேங்கா!”

“அடப்பாவி! தெருவே அதுலதான்டா கீது!”

ஒரு பக்க விளிம்பில் இருந்த வெட்டெல்லாம் தேய்ந்து போயிருந்தது. உள்ளே முகூர்த்தத் துணிகள் குவிந்து கிடந்தன. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். “நாளைக்கு எதை வச்சு வெட்டுவேன்? கடைய மூட வேண்டியதுதான்.”

கன்னியப்பன் சைக்கிளை எடுத்தார். வீடு வீடாக அளவு ஜாக்கெட் வாங்கி வரலாமென்று கிளம்பியிருக்கிறார். முதல் வீட்டிலேயே, “யாரு வூட்டுக்கு வந்து இன்னா கேக்கற?” என்று விளக்குமாறு வந்துவிட்டது. பிறகு என் மனைவியைத் துணைக்கு அனுப்பினோம். அவள் விஷயத்தைச் சொன்னதுமே தெருவே ஜாக்கெட்டும் கையுமாகக் கிளம்பி வந்துவிட்டது.

புது வெட்டுப் போடும்போதுதான் குட்டு உடைந்தது. தப்பியிருந்த பக்கத்தில் பால்காரம்மாவின் பழைய வெட்டுக்கும் அவர் கொண்டுவந்த ஜாக்கெட்டுக்கும் நாலு விரல் வித்தியாசம்.

“இத்தினி நாளா எப்படிடீ சரியா தெச்ச?” என்று பால்காரம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

“நீ ஊதிக்கினே போற. நானும் சொல்லாம துணிய வுட்டுக்கினே போறேன். உன் புருஷனுக்குத் தெரிய வேணாம்னுதான்!”

அழுகையும் சிரிப்புமாக இருட்டும்வரை கன்னியப்பன் உளி பிடித்தார். வரிசையில் கடைசியாக, ஊருக்குப் புதியவளான என் மனைவிக்கும் ஒரு வெட்டு. மறுநாள் அத்தனையின் மேலும் கிளியர் ‘அடித்தார்’, கூலியைத் தொடவேயில்லை. ஒரு முகூர்த்தத் துணியும் தவறவில்லை.

இப்போது அங்கே ரெடிமேட் கடை. மேஜை எங்கே போனதென்று கேட்க அக்காவும் இல்லை. போன மாதம் மனைவிக்கு ஒரு ஜாக்கெட் எடுக்கலாமென்று நுழைந்தேன். “சைஸ் இன்னா சார்?” என்றாள் கடைப்பெண். முழித்தேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் அதைத் தெரிந்துகொள்ளும் அவசியமே எனக்கு வராமல், அந்த ஒரு வெட்டை வைத்தே அக்கா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.